வியட்நாம் ஹனிமூன் பேக்கேஜ், 6 இரவு 7 நாள் 5 ஊர்: அட்வான்ஸ் கட்டும் முன் படித்துவிடுங்கள்

ஆவணி முகூர்த்தத்தில் கல்யாணம், பத்து நாள் கழித்து வியட்நாம். ஹனோய், ஹா லாங் வளைகுடா, டா நாங், ஹோய் ஆன், ஹோ சி மின் சிட்டி என ஐந்து ஊர். பால்கனி வைத்த கப்பல் அறையில் ஒரு இரவு, பிரைவேட் கார், நான்கு நட்சத்திர ஹோட்டல், கேண்டில் லைட் டின்னர், கேக். இப்படி ஒரு தாளைப் பார்த்துப் பணம் கட்டிய ஜோடிக்கு என்ன கிடைத்தது என்பதை இங்கே வைக்கிறோம். ஏஜென்சி பெயர் வேண்டாம். ஏறக்குறைய இதே தாளைத் தலைப்பை மட்டும் மாற்றிப் பல பேர் விற்கிறார்கள், அதனால் தாளை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொள்வதுதான் உதவும்.

முதல் நாள், "ஹனோய் வருகை, சிட்டி டூர்" என்று இருந்தது. விமானம் நோய் பாய் விமான நிலையத்தில் இறங்கியதே இரவு பத்தரைக்கு மேல். குடியேற்ற வரிசை, பெட்டி, பழைய நகரத்துக்கு முக்கால் மணி நேரக் கார் எல்லாம் முடிந்து படுக்கும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. மறுநாள் காலை எட்டு மணிக்கு ஹா லாங் வண்டி வாசலில் நின்றது. ஹனோய் பார்த்தாயிற்று என்று தாளில் டிக் விழுந்துவிட்டது.

இரண்டாம் நாள் இன்னும் மோசம். படகுத்துறையில் இவர்கள் பெயர் இரவுக் கப்பல் பட்டியலில் இல்லை. பகல் படகுக்குத்தான் பதிவு. நான்கைந்து மணி நேரம் சுற்றிக் காட்டிவிட்டு, இரவு துறைமுகப் பக்கம் ஒரு ஹோட்டல். சென்னைக்கு போன் போட்டால், "சீசன் ரஷ், அதனால சிமிலர் கேட்டகரி கொடுத்திருக்கோம்" என்று பதில். இரவுக் கப்பலுக்கும் பகல் படகுக்கும் ஆளுக்கு ஆயிரக்கணக்கில் ரூபாய் வித்தியாசம். அந்த வித்தியாசம் யார் பையில் போனது என்று கேட்டதற்குக் கடைசி வரை பதில் வரவில்லை.

"அல்லது அதற்கு இணையான" என்று தாளின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். இந்த மாதிரி வேலைகளுக்கெல்லாம் அதுதான் கதவு. ஹோட்டலுக்கு அந்த வரி இருந்தால்கூடப் பொறுக்கலாம், கப்பலுக்கு இருக்கவே கூடாது. கப்பலின் பெயர், அறை வகை, ஏறும் துறை, ஏறும் நேரம், இறங்கும் நேரம் ஐந்தும் எழுத்தில் வேண்டும். துறை ஏன் முக்கியம் என்றால், ஹா லாங் பக்கமே ஒன்றுக்கு மேற்பட்ட துறைகள் இருக்கின்றன. அதையொட்டிய லான் ஹா வளைகுடாக் கப்பல்களோ ஹாய் ஃபோங் பக்கத்திலிருந்து கிளம்புகின்றன. வவுச்சர் கைக்கு வந்ததும் கப்பல் கம்பெனிக்கு நீங்களே ஒரு மெயில் போட்டு, "இந்தப் பெயரில், இந்தத் தேதிக்கு அறை உறுதியா, முழுப் பணம் வந்துவிட்டதா" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். இங்கே நீங்கள் முழுப் பணம் கட்டியிருப்பீர்கள், இங்குள்ள ஏஜென்ட் அங்குள்ள ஏஜென்டுக்குப் பாதிதான் அனுப்பியிருப்பார். ரிசப்ஷனில் வவுச்சர் செல்லாது என்று சொல்லும் இடம் பெரும்பாலும் இதுதான்.

இரவுக் கப்பல் சரியாகவே கிடைத்தாலும் அதன் மணிக்கணக்கைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். "2 நாள் 1 இரவு" என்பது நடுப்பகல் பன்னிரண்டு வாக்கில் ஏறி, மறுநாள் காலை பத்தரை பதினொன்றுக்குள் இறங்குவது. அறையை ஒன்பது மணிக்கே காலி செய்யச் சொல்வார்கள். ஹனோயிலிருந்து விரைவுச்சாலையில் போனாலும் இரண்டரை மணி நேரம். வழியில் முத்துக் கடை, கைவினைக் கூடம் என்று அரை மணி நேர நிறுத்தம் ஒன்று நிச்சயம் வரும். அதில் வண்டிக்காரருக்கு கமிஷன் உண்டு. டாய்லெட் போய்விட்டு வந்தால் போதும், எதுவும் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கப்பலிலிருந்து இறங்கிய அன்றே டா நாங் விமானம் என்றால் அதை மாலை நான்கு மணிக்கு முன்னால் வைக்கவே கூடாது. ஹாய் ஃபோங்கில் இருக்கும் காட் பி விமான நிலையம் ஹா லாங்குக்கு நோய் பாயைவிடப் பக்கம். அங்கிருந்து உங்கள் தேதிக்கு டா நாங் விமானம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், சாலையிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சமாகும். பேக்கேஜ் போடுகிறவர்கள் இதைத் தாங்களாகச் சொல்வதில்லை. ஹனோயிலிருந்து மொத்தமாக வாங்கிய டிக்கெட்டைத்தான் எல்லாருக்கும் ஒட்டுகிறார்கள்.

வேகமாக ஊர் ஊராகப் போவது தப்பே இல்லை. ஒரு வாரத்தில் வளைகுடா, மலை, கடற்கரை, விளக்குத் தெரு எல்லாம் பார்ப்பதில் ஒரு தனி சந்தோஷம் இருக்கிறது, அது பிடித்தவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் ஒவ்வொரு ஊர் மாற்றமும் அரை நாளைச் சாப்பிடும் என்பதை மறைத்து விற்பதைத்தான் ஏமாற்று என்கிறோம். விமானம் ஒன்றேகால் மணி நேரம்தான் என்பார்கள். அறையைக் காலி செய்வதில் தொடங்கி அடுத்த அறைச் சாவி கைக்கு வரும் வரை கூட்டினால் ஐந்து ஆறு மணி நேரம். எனவே தாளில் நாள் கணக்கைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு நாளுக்கும் எதிரே விமானம் ஏறும் நேரம், இறங்கும் நேரம், ஹோட்டல் சேரும் நேரம் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கிறவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஆறு இரவுதான் இருக்கிறது என்றால் எங்கள் தேர்வு: ஹனோய் 2, கப்பல் 1, டா நாங் 1, ஹோய் ஆன் 2. ஹோ சி மின் சிட்டியை விட்டுவிடலாம். டா நாங்கிலிருந்தே கோலாலம்பூர், பாங்காக், சிங்கப்பூருக்கு நேரடி விமானங்கள் இருக்கின்றன, திரும்பி வர தெற்கே இறங்க வேண்டியதில்லை. மேலே சொன்ன ஜோடிக்கு ஹோ சி மின் சிட்டியில் கிடைத்தது ஒரு சாயங்காலம். போர்க்காலத்து கூ சி சுரங்கம் தாளில் இருந்தது, ஆனால் போய்வர அரை நாள் வேண்டும், நேரம் இல்லை. நுழைவுக் கட்டணம் திரும்பத் தரவும் இல்லை.

அடுத்தது பருவம். இதைச் சொல்லாமல் விற்பது நேர்மையில்லை. நம் ஊரில் ஆவணி, ஐப்பசி முகூர்த்த மாதங்கள். வடக்கு வியட்நாமுக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் காலம், டா நாங், ஹோய் ஆன் பக்கம் அக்டோபர், நவம்பரில் கனமழை. 2024 செப்டம்பரில் யாகி புயல் ஹா லாங், ஹாய் ஃபோங் பகுதியைத்தான் நேராகத் தாக்கியது. 2025 ஜூலை 19 அன்று ஹா லாங்கில் திடீர்க் காற்றில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். துறைமுக நிர்வாகம் கப்பல் போகக் கூடாது என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை, பேசவும் கூடாது. ஆனால் அன்றைக்குப் பணம் என்ன ஆகும் என்பது முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். கப்பல் கம்பெனி திருப்பித் தந்த பணத்தை இங்குள்ள ஏஜென்ட் "நான் ரீஃபண்டபிள்" என்று சொல்லி வைத்துக்கொள்வது நடக்கிறது. ஹோய் ஆனில் து போன் ஆறு கரை புரண்டால் பழைய நகரத் தெருக்களில் தண்ணீர் நிற்கும். ஐப்பசிக் கல்யாணம் என்றால் பயணத்தைப் பிப்ரவரி கடைசி, மார்ச்சுக்குத் தள்ளிப் போடுவது நல்லது. தை மாதத்தில் போகிறவர்கள் வியட்நாமியப் புத்தாண்டான டெட் எந்தத் தேதியில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் பல கடைகள் மூடியிருக்கும், டிக்கெட் விலை ஏறியிருக்கும்.

விசாவில் நடப்பது சின்ன ஏமாற்று, ஆனால் பயணத்தையே நிறுத்திவிடும். வியட்நாம் இ-விசா ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர், பலமுறை நுழைவுக்கு 50 டாலர். அரசுத் தளத்தின் முகவரி "கவ் டாட் விஎன்" என்று முடியும். தேடினால் முதலில் வருவது அதே நிறத்தில், அதே கொடியோடு இருக்கும் தனியார் தளங்கள், பல மடங்கு வாங்குவார்கள். பெயர் விஷயத்தில் நம்மவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து அப்படியே விசாவில் இருக்க வேண்டும். ஏஜென்ட் அவசரத்தில் மனைவி பெயருக்குப் பின்னால் கணவர் பெயரைச் சேர்த்து டிக்கெட் போட்டுவிடுவார். சென்னை கவுன்டரிலேயே போர்டிங் பாஸ் கிடைக்காமல் போகும். கல்யாணத்துக்காகப் பாஸ்போர்ட்டில் பெயர் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை, பழைய பெயரிலேயே எல்லாம் போடுங்கள்.

கோலாலம்பூர் வழி டிக்கெட் ஒரே பி.என்.ஆர். ஆக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு தனி டிக்கெட் என்றால் மலேசியாவுக்குள் நுழைந்து, பெட்டியை எடுத்து, மறுபடி போட வேண்டும். அதற்கு மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை அங்கே இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பியிருக்க வேண்டும். உள்நாட்டு விமானங்களில் இன்னொரு வலை பெட்டி எடை. சென்னையிலிருந்து 20 கிலோ இருக்கும், ஹனோய்–டா நாங் டிக்கெட்டில் கைப்பை 7 கிலோ மட்டும். அந்த ஜோடி இரண்டு உள்நாட்டு விமானத்திலும் கவுன்டரில் எடைக்குப் பணம் கட்டினார்கள். முன்கூட்டியே வாங்கியிருந்தால் அதில் ஒரு பங்குதான் ஆகியிருக்கும்.

அங்கே இறங்கிய பிறகு நோட்டு. ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம், இரண்டிலும் ஹோ சி மின் முகம். ஒன்று எழுபது ரூபாய்க்குள், மற்றது ஆயிரத்து அறுநூறுக்கு மேல். இரவில், டாக்ஸிக்குள், அடுத்த விமானத்துக்கு ஓடும்போது இரண்டையும் மாற்றிக் கொடுப்பது சுலபம். சில டிரைவர்கள் நீங்கள் கொடுத்த பெரிய நோட்டை மடியில் போட்டுக்கொண்டு, "இருபதாயிரம்தானே கொடுத்தீர்கள்" என்று சின்னதைக் காட்டுவார்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: சின்ன நோட்டில் ஹோய் ஆனின் கூரை போட்ட ஜப்பானியப் பாலம், பெரியதில் மரங்களுக்கு நடுவே ஒரு வீடு. நீளத்திலும் 16 மில்லிமீட்டர் வித்தியாசம். ஐந்து லட்ச நோட்டுகளைத் தனிப் பையில் வையுங்கள், கொடுக்கும்போது தொகையை வாயால் சொல்லிக் கொடுங்கள். மீட்டரில் கடைசி மூன்று சைபர் வராது, 125 என்றால் 1,25,000. மாய் லின், வினாசன் டாக்ஸிகளின் நிறத்தையும் எழுத்தையும் காப்பியடித்த வண்டிகள் விமான நிலைய வாசலில் நிற்கும். வாடகை வண்டி பிடிக்கும் கிராப் ஆப்பில் வண்டி எண்ணைப் பொருத்திப் பார்த்த பிறகே ஏறுங்கள். போனைக் காட்டி "நான்தான் கிராப்" என்று வருகிறவரோடு போகாதீர்கள்.

ஹனோயில் தோளில் காவடிக் கூடையைத் தூக்கி வைத்து போட்டோ எடுக்கச் சொல்லி, பிறகு பழத்தைத் தலையில் கட்டுவார்கள். சிக்லோ ரிக்‌ஷாவில் "நூறு" என்று பேசி இறங்கும்போது ஆளுக்கு, ஒரு வழிக்கு என்பார்கள். தொகை, எத்தனை பேர், எவ்வளவு நேரம் மூன்றையும் போனில் டைப் செய்து காட்டிவிட்டு ஏறுங்கள். ஹோய் ஆன் விளக்குப் படகுக்கு மூன்று பேர் வரை ஒரு படகுக்கு 1,50,000 டாங், 20 நிமிடம் என்று டிக்கெட் கவுன்டரில் எழுதியிருக்கிறது. கரையில் கையைப் பிடித்து இழுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

ஸ்கூட்டர் வாடகை பற்றி அழுத்திச் சொல்கிறோம். நம் ஆர்.டி.ஓ. தரும் சர்வதேச உரிமம் 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தப்படியானதை. கடைக்காரர் எதையும் கேட்காமல் சாவி கொடுப்பார், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கைவிரிக்கும். அடமானமாகப் பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள், கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

இனி இங்கே பணம் கட்டும் முறை. ஏஜென்டின் சொந்த யு.பி.ஐ. எண்ணுக்கு அனுப்பாதீர்கள், நிறுவனக் கணக்குக்கு மட்டும். ஜி.எஸ்.டி. ரசீது, டி.சி.எஸ். (பேக்கேஜ் விற்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்த விவரம் இரண்டும் கேளுங்கள். டி.சி.எஸ். பணம் கட்டியவரின் பான் எண்ணில் ஏறும், வருமான வரி தாக்கலில் கழித்துக்கொள்ளலாம், அதிகமாக இருந்தால் திரும்பப் பெறலாம். "பில் இல்லாம முடிச்சா டி.சி.எஸ். மிச்சம்" என்பவரிடம் போனால், பிறகு வழக்குப் போட உங்கள் கையில் தாளே இருக்காது. டிக்கெட் பி.என்.ஆர். வந்தவுடன் விமானக் கம்பெனித் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். பணம் கட்டாமல் சீட்டை வெறும் ஹோல்டு போட்டுவிட்டு டிக்கெட் என்று அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஏமாந்துவிட்டால், அங்கேயே வேலை தொடங்க வேண்டும். ஒத்துக்கொண்ட தாள், கிடைத்த அறையின் போட்டோ, படகின் பெயர்ப் பலகை, ரிசப்ஷன் சொன்ன பதில் எல்லாவற்றையும் அன்றே ஏஜென்டுக்கு மெயிலில் அனுப்புங்கள். போனில் மட்டும் சண்டை போட்டால் பதிவு இருக்காது. திரும்பி வந்ததும் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார். போலி விசா தளம், போலி ஏஜென்ட் என்றால் உடனே 1930 சைபர் குற்ற உதவி எண். சமரசம் வரவில்லை என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஏஜென்சி வேறு ஊரில் இருந்தாலும் சரி. செலுத்திய தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் நீங்களே பதியலாம். நடந்த தேதியிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.