கொழுப்பா, இரத்தக்கட்டியா: எலும்பு முறிவுக்குப் பின் வரும் மூச்சுத்திணறல்

தொடை எலும்பு முறிந்து படுத்திருப்பவருக்குத் திடீரென மூச்சு வாங்கினால், நுரையீரல் நாளங்களை அடைத்திருப்பது எலும்பு மஜ்ஜையிலிருந்து கசிந்த கொழுப்பா, காலின் ஆழ்சிரையில் உறைந்து பெயர்ந்த இரத்தக்கட்டியா என்பதைப் பிரித்தறிய வேண்டும். கொழுப்பு அடைப்பு பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வெளிப்படும். பேச்சில் குழப்பம் தட்டும், அக்குளிலும் கழுத்திலும் கீழிமையின் உட்புறத்திலும் ஊசிமுனை அளவில் செம்புள்ளிகள் அரும்பும். புள்ளிகள் எல்லோருக்கும் வருவதில்லை. ஆயினும் சட்டையை விலக்கி அக்குளைப் பார்க்கத் தவறுவது பெரும் பிழை என்றே கருதுகிறேன். இரத்தக்கட்டியோ வழக்கமாகச் சில நாட்கள் கழித்தே, சில வேளை வீடு திரும்பிய பிறகும், வரும். இரத்த நாளங்களைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோகிராம் ஸ்கேனில் தெரியும், ஹெப்பாரின் போன்ற உறைவெதிர் மருந்துகளுக்குக் கட்டுப்படும். கொழுப்பு அடைப்புக்கு அப்படியொரு மருந்து இல்லை. ஆக்சிஜனும் தேவையானால் வென்டிலேட்டரும்தான் துணை, ஆனால் முறிந்த எலும்பைத் தொடக்கத்திலேயே அசையாமல் பொருத்திவிட்டால் அது வரும் வாய்ப்பே குறையும்.