துணைவர் விசா நீட்டிப்பும் வருமானக் கணக்கும்: லண்டனில் ஓர் ஆலோசனைச் சேவை பற்றி

பிரித்தானியாவில் துணைவர் விசாவை நீட்டிப்பதற்கான விண்ணப்பத்தை நிரப்பித் தரும் அலுவலகங்கள் ஈஸ்ட் ஹாம் முதல் ஹரோ வரை தமிழ்க் கடைத்தெருக்கள் எங்கும் இருக்கின்றன. என் மனைவியின் இரண்டாவது விசாவுக்காக நாங்கள் அமர்த்திய குடிவரவு ஆலோசகரின் சேவையை மதிப்பிட்டு இதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்லவிருப்பதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். படிவம் இணையத்தில் எவரும் நிரப்பக்கூடியதே. காசு கொடுத்துப் பெற வேண்டியது, வருமானத்தை எந்தப் பிரிவில், எந்தத் திகதியில் காட்டுவது என்பதைத் தெரிந்த ஒருவரின் கவனம்தான்.

முதற் சந்திப்பிலேயே அந்தக் கவனம் தெரிந்தது. துணைவர் விசாவுக்குக் காட்ட வேண்டிய குறைந்தபட்ச வருமானம் 2012 ஜூலையில் ஆண்டுக்கு 18,600 பவுண் என்று நிர்ணயிக்கப்பட்டது. அது 2024 ஏப்ரல் 11 அன்று 29,000 பவுணாக உயர்த்தப்பட்டது. உறவினர்கள் மட்டுமன்றி, முன்னர் நாங்கள் விசாரித்த வேறோர் அலுவலகத்தினரும் இந்தப் புதிய தொகையையே சொல்லி எங்களைக் கலங்கடித்திருந்தார்கள். இவரோ மனைவியின் முதல் விண்ணப்பத் திகதியைத்தான் முதலில் கேட்டார். அது 2023 என்பதாலும், அதே துணைவருடனேயே நீட்டிப்புக் கோருவதாலும், எங்களுக்குப் பழைய 18,600 பவுணே பொருந்தும் என்று விதியைத் திறந்து காட்டினார். பழைய விதியில் முதற் பிள்ளைக்கென 3,800 பவுண் கூடுதலாகக் காட்ட வேண்டியிருந்தாலும், எங்கள் மகள் பிறப்பிலேயே பிரித்தானியப் பிரஜை என்பதால் அதுவும் சேராது என்றார்.

உண்மையான சிக்கல் என் வேலையில் இருந்தது. இடையில் சில மாதங்கள் வேலையின்றி இருந்து, பின்னர் ஒரு களஞ்சியத்தில் மணிக்கணக்குச் சம்பளத்துக்குச் சேர்ந்திருந்தேன். ஒரே தொழில் வழங்குநரிடம் ஆறு மாதம் நிறைந்திருந்தால் ஏ பிரிவில், அந்த ஆறு மாதச் சம்பளத்தின் சராசரியை ஓராண்டுக்குக் கணக்கிட்டுக் காட்டலாம். நிறையாவிட்டால் பி பிரிவில், கடந்த பன்னிரண்டு மாதங்களில் உண்மையில் ஈட்டிய தொகையும் வரம்பை எட்ட வேண்டும். வேலையற்ற மாதங்கள் அந்தப் பன்னிரண்டுக்குள் விழுந்ததால் பி பிரிவு எங்களுக்கு உதவாது. விசா முடியும் திகதிக்குச் சற்று முன்னரே ஆறு மாதம் நிறைவதை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அந்தச் சிறிய இடைவெளிக்குள் விண்ணப்பிக்கும்படி திட்டமிட்டுத் தந்தார். கடைசிச் சம்பளச் சிட்டையும் வங்கிக் கூற்றும் விண்ணப்ப நாளுக்கு முந்திய 28 நாட்களுக்குள் அடங்க வேண்டும் என்பதையும் இதனோடு பொருத்தியிருந்தார். இங்கே வேலை செய்யும் அனுமதியுடன் இருப்பதால், பராமரிப்பு இல்லமொன்றில் மனைவி பெறும் பகுதிநேரச் சம்பளத்தையும் நீட்டிப்பில் சேர்க்கலாம் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தோம்.

ஒவ்வொரு சம்பளச் சிட்டையின் கையில் வரும் தொகையையும் வங்கிக் கூற்றின் வரவோடு அவரே ஒத்துப் பார்த்தார். எங்கள் கடைகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் சம்பளத்தைக் காசாகப் பெறுவோர் இதைக் கவனிக்க வேண்டும்: வரி சரியாகக் கட்டப்பட்டு, சிட்டையிலுள்ள நிகரத் தொகை வங்கியில் அப்படியே வைப்பாகியிருந்தால் மட்டுமே வரிக்கு முந்திய முழுச் சம்பளமும் கணக்கில் வரும், இல்லையேல் வங்கியில் தெரியும் தொகை மட்டுமே வரும்.

சேமிப்பைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசினார். 16,000 பவுணுக்கு மேற்பட்ட சேமிப்பே கணக்கில் வரும். வருமானம் வரம்பை எட்டாவிட்டால், குறையும் தொகையின் இரண்டரை மடங்கு அந்த 16,000 பவுணுக்கு மேலாக இருக்க வேண்டும். வருமானமே இல்லாதவருக்குப் பழைய வரம்பில் 62,500 பவுணும் புதிய வரம்பில் 88,500 பவுணும் தேவை. அந்தப் பணம் ஆறு மாதம் தம்பதியரின் கட்டுப்பாட்டில் இருந்திருக்க வேண்டும். கடன் வாங்கியதாகவும் இருக்கக் கூடாது. என் கணக்கில் ஒரு பெரிய வரவைக் கண்டதும் அது சீட்டுக் காசா என்று கேட்டார். சீட்டை முன்கூட்டியே எடுத்துவிட்டு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருப்பவரின் பணத்தை ஒரு அதிகாரி கடனாகவே பார்க்கக்கூடும் என்று விளக்கி, அதைச் சேமிப்பாகக் காட்டாமல் வரவின் விளக்கமாக மட்டும் ஒரு கடிதத்தில் குறிப்பிடச் செய்தார். சீட்டு என்றால் என்னவென்று தெரியாத ஒரு சட்டத்தரணியிடம் இந்தக் கேள்வி எழுந்திருக்காது.

ஒரே முகவரியில் வாழ்ந்ததற்கான கடிதங்களையும் ஆங்கிலப் பரீட்சைச் சான்றையும் அவருடைய உதவியாளரே சேர்த்துவிட்டார். அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

குறைகள் கட்டணத்திலும் தொடர்பிலும் இருந்தன. முதலில் சொன்ன தொகையில் வட் வரி அடங்கவில்லை. ஆவணங்களைப் பதிவேற்றுவதற்கும் தனியாக அறவிட்டார்கள். அரச சுகாதாரச் சேவைக்கான கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண் வீதம் இரண்டரை ஆண்டுக்கு 2,587.50 பவுண் விண்ணப்பிக்கும்போதே ஒரே தவணையில் கட்ட வேண்டியது. அதை இறுதி வாரத்தில்தான் நினைவூட்டினார்கள்; காசுக் கணக்கையே தொழிலாகக் கொண்டவர்களிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை. தொலைபேசி பெரும்பாலும் எடுக்கப்படாது. கொடுத்த ஆவணத்தையே உதவியாளர் மீண்டும் கேட்பார்.

விசா கிடைத்தது. நிரந்தர வேலையும் வரம்புக்கு மேற்பட்ட மாதச் சம்பளமும் உள்ளவர்கள் இந்தச் சேவைக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். வேலை மாறியவர்கள், காசாகச் சம்பளம் பெறுவோர், பழைய வரம்பா புதிய வரம்பா என்று தெளிவில்லாதோர் ஆகியோருக்கு இவரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சொந்தக் கம்பெனியில் சம்பளம் எடுப்போருக்கு வேறு பிரிவும் கம்பெனியின் வரி ஆவணங்களும் வேண்டியிருப்பதால், கணக்காளரோடு சேர்ந்தே செய்வேன் என்று அவரே சொல்லிவிட்டார். எவரிடம் போனாலும், சட்டத்தரணி அல்லாத ஆலோசகரின் பெயர் குடிவரவு ஆலோசனை அதிகாரசபையின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வட் வரியும் பதிவேற்றக் கட்டணமும் அடங்கிய முழுத் தொகையை எழுத்தில் வாங்கிய பிறகே கடவுச்சீட்டைக் கையில் கொடுங்கள்.