ரிச்சி தெருவில் சுற்றி வாங்கிய 1.5 மில்லிஹென்றி காயில்

வீட்டில் செய்த ஸ்பீக்கரில் பாட்டு தகரத்தில் பேசுகிற மாதிரி கேட்கிறதென்று ஒலி எழுப்புகிற டிரைவரையே மாற்றக் கிளம்புகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். எனக்கு ஒரு ஜோடி காயிலும் இரண்டு சிமெண்ட் ரெசிஸ்டருமே போதுமானதாக இருந்தது.

என் பெட்டியின் முகப்பு 20 செ.மீ. அகலம், உள்ளே எல்லா ஒலியையும் ஒன்றே தருகிற 4 அங்குல ஃபுல் ரேஞ்ச் டிரைவர், 8 ஓம். மேல் ஒலி, அதாவது ட்ரெபிள், முகப்புப் பலகையை விட்டுத் தாண்டாமல் நம் பக்கமே வந்துவிடும். கீழ் ஒலி, அதாவது பேஸ், பெட்டியைச் சுற்றிக்கொண்டு பின்னாலும் போய்விடும், அதில் 6 டெசிபல் வரை போச்சு. இதைத்தான் பேஃபிள் ஸ்டெப் என்கிறார்கள். 115-ஐ அகலத்தின் மீட்டர் அளவால் வகுத்தால் பாதி இழப்பு எந்த இடத்தில் என்று தெரியும், எனக்கு வந்தது 575 ஹெர்ட்ஸ்.

அதைச் சரிக்கட்டத்தான் இந்த ஏர் கோர் காயில், நடுவில் இரும்பு இல்லாத கம்பிச்சுருள். சென்னை ரிச்சி தெருவில் ஒரு சின்னக் கடை, மதிப்பைச் சொன்னால் சுற்றித் தருகிறார்கள். சுற்று இறுக்கமாக, வரிசை கலையாமல் இருக்கிறது. மீட்டரில் ஒன்று 1.48, இன்னொன்று 1.51 காட்டியது, கையால் சுற்றியதற்கு இது அருமை. குறை என்றால் முனையில் எனாமலைச் சுரண்டாமலே கொடுத்துவிட்டார்கள், ஈயம் ஒட்டவே இல்லை, உப்புத்தாள் வைத்துத் தேய்த்த பிறகுதான் பிடித்தது.

காயிலையும் ரெசிஸ்டரையும் பேரலலாகச் சேர்த்து டிரைவருக்கு சீரிஸில் போட வேண்டும். கீழ் ஒலி காயில் வழியே போய்விடும், மேல் ஒலி ரெசிஸ்டரில் குறையும். முதலில் 8 ஓம் ரெசிஸ்டர் போட்டேன், மேல் ஒலி முழு 6 டெசிபலும் இறங்கியது, ஆனால் என் பெட்டி சுவரை ஒட்டி இருப்பதால் சுவரே கீழ் ஒலிக்குக் கைகொடுக்கிறது, குரல் போர்வைக்குள் போய்விட்டது. அப்புறம் 4.7 ஓம், 10 வாட். சுமார் 4 டெசிபல். அடடா! அதுவரை வலது முகமான வலந்தலை மட்டும் டங் டங்கென்று கேட்டுக்கொண்டிருந்த மிருதங்கத்தில், இடது முகமான தொப்பியை மணிக்கட்டால் அழுத்தி இழுக்கிற அந்தக் கும்கி முதல் தடவையாக அறைக்குள் வந்தது. அதே தனி ஆவர்த்தனத்தை மூன்று முறை போட்டுக் கேட்டேன்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், இது பேஸைக் கூட்டுவதில்லை, மேலே இருப்பதைத்தான் குறைக்கிறது. அதனால் வால்யூமை முன்னைவிட நன்றாகவே திருப்ப வேண்டியிருக்கிறது, குட்டி ஆம்ப் வைத்திருப்பவர்கள் யோசித்துச் செய்யுங்கள். காயிலை இரும்பு ஸ்க்ரூ போட்டு இறுக்காதீர்கள், மதிப்பு மாறிவிடும், கேபிள் டை போதும்.

அடுத்த ஜோடிக்கும் அதே கடையில்தான் சொல்லியிருக்கிறேன். இந்த முறை முகப்பு 25 செ.மீ., அதனால் 2 மில்லிஹென்றி.