புது கோச் யார்: ஊர் சீனியரா, லைசென்ஸ்காரரா?

புதுச்சேரி உப்பளம் பக்கமானாலும் கடலூர் மஞ்சக்குப்பமானாலும், கோச் மாறும்போது கால்பந்து கிளப்பில் இதே இழுபறிதான்: அங்கேயே ஆடிய ஊர் சீனியரா, கோச்சிங் லைசென்ஸ் எடுத்தவரா?

செலவு
சீனியர்: பெட்ரோல் காசு, டீ.
லைசென்ஸ்காரர்: சம்பளம், வெளியூர் என்றால் ரூம் வாடகையும்.

பயிற்சி
சீனியர்: நாலு ரவுண்டு ஓட்டம், நேரே மேட்ச். இருபது பேருக்கு ஒரே பந்து. ஓரத்துப் பையன் காலில் பந்தே படாது.
லைசென்ஸ்காரர்: 10-க்கு 10 மீட்டர் கோன் கட்டம், நாலு பேர் பாஸ், ரெண்டு பேர் பறிப்பு. எல்லார் காலுக்கும் பந்து வரும். ஆனால் ஐந்து பந்தும் ரெண்டு கலர் பிப்பும் (அணி பிரிக்க மேலே மாட்டும் பனியன்) கிளப் வாங்கித் தராவிட்டால் அவரும் ரவுண்டுதான் ஓடவிடுவார்.

மேட்ச்
ஐந்து ஆள் மாற்றலாம் என்றால், இடைவேளை தவிர மூன்றே நிறுத்தங்களில் முடிக்க வேண்டும். ஒவ்வொருவராக மாற்றி மூன்றையும் தீர்த்துவிட்டு, 80-ஆவது நிமிடம் ஒருவருக்குத் தொடை பிடித்தால் பத்துப் பேரோடு ஆட வேண்டியதுதான். சீனியர்கள் வழக்கமாக மாட்டுவது இங்கே.

ஆள் சேர்ப்பு
சீனியர் கூப்பிட்டால் சிப்காட் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வருவார்கள். புதியவருக்கு அந்தச் செல்வாக்கு ஏது?

பொங்கல் செவன்ஸுக்கு (அணிக்கு ஏழு பேர் ஆட்டம்) சீனியரே போதும். 13, 14 வயதுப் பையன்களை லீக்குக்கு வளர்க்க லைசென்ஸ்காரர்தான். அதற்கு ஆரம்பக் கட்ட டி லைசென்ஸே தாராளம்.