முதுகில் ஊசியா, நெஞ்சில் ஊசியா, வெறும் மாத்திரையா?

மும்பை மாட்டுங்காவில் எங்கள் குடும்பத்திலேயே இரண்டு பேருக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் நடந்தது. சித்திக்குப் பொது மயக்கம், அப்புறம் வலிக்குப் பாராசிட்டமால், தாங்காவிட்டால் அதைவிடக் கடுமையான டிரமடால். அதுவும் குமட்டிக் குமட்டி வாந்தியாக, முதல் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தார். அண்ணிக்குக் கூடவே பாராவெர்டிபிரல் பிளாக் போட்டார்கள்: முதுகெலும்பை ஒட்டி, நரம்பு கிளம்புகிற இடத்தை அல்ட்ராசவுண்டில் பார்த்து மரத்துப்போகும் ஊசி. மறுநாள் காலையில் இட்லி கேட்டார்.

இன்னொன்று பெக்ஸ் பிளாக். ரஃபேல் பிளாங்கோ என்ற டாக்டர் 2011-ல் எழுதி வெளியிட்ட முறை. நெஞ்சுத் தசைகளுக்கு நடுவில் மருந்தைப் பரப்புவது, மல்லாக்கப் படுத்த வாக்கிலேயே போட்டுவிடலாம். முதுகு ஊசியில் நுரையீரல் உறையைக் குத்திவிடும் ஆபத்து, அபூர்வம் என்றாலும், உண்டு. பெரிய ஆபரேஷனுக்கு 2020-ல் வந்த புராஸ்பெக்ட் (ஆபரேஷன் வலிக்கு வழி சொல்லும் நிபுணர் குழு) பரிந்துரை முதுகு ஊசிக்கே முதலிடம் தருகிறது, பெக்ஸை மாற்றாகச் சொல்கிறது. என்னைக் கேட்டால், உங்கள் மயக்க மருந்து டாக்டருக்கு எது கைப்பழக்கமோ அதுதான் நல்லது. வெறும் மாத்திரை மூன்றாவது இடம்தான், சந்தேகமே இல்லை.

இதெல்லாம் முதல் நாள் கதை. மூன்று மாதம் தாண்டியும் போகாத வலி வேறு ரகம். டென்மார்க்கில் 2009-ல் வெளியான ஆய்வில், ஆபரேஷன் முடிந்து இரண்டு மூன்று வருஷம் ஆனவர்களில் 47 சதவீதம் பேர் வலி இருக்கிறது என்றார்கள். இளவயதுக்காரர்கள், அக்குள் நெறிகளை, அதாவது நிணநீர் முடிச்சுகளை, மொத்தமாக எடுத்தவர்கள், கதிர்வீச்சு வாங்கியவர்கள் இவர்களுக்கு அதிகம். அக்குள் வழியாக மேல்கையின் உட்பக்கத்துக்குப் போகிற ஒரு நரம்பு அடிபடுவது முக்கியக் காரணம்.

சித்திக்கு நாலு வருஷம் ஆகியும் ரவிக்கைக் கையின் தையல் உரசினால் மிளகாய் தேய்த்த மாதிரி எரிகிறதாம், லோக்கல் டிரெயினில் அந்தக் கையால் கைப்பிடியைப் பிடிப்பதில்லை. இதற்குப் பாராசிட்டமால் தின்று பயனில்லை. நரம்பு வலிக்கான டுலாக்செடின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றை டாக்டர் யோசிக்க வேண்டும். சித்தியிடம் யாரும் அதைப் பேசவே இல்லை, 'போகப் போகச் சரியாகும்' என்றே அனுப்பிவிட்டார்கள்.

முதல் நாள் வலி கடுமையாக இருந்தால் பிற்பாடு நிலைக்கவும் வாய்ப்பு கூடும், பிளாக் அதைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அண்ணியின் நிம்மதிக்கு ஊசியை மட்டும் மெச்ச மாட்டேன். அவருக்கு எடுத்தது இரண்டே நெறி, சித்திக்கு அக்குளையே துடைத்து எடுத்தார்கள். அண்ணிக்கும் மேல்கையின் உட்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மரத்துத்தான் கிடக்கிறது, வலி மட்டும் இல்லை.