மதுரை கே.கே. நகர் சிறுநீரக கிளினிக்: கீட்டமின் என்ற போதைப்பொடியால் மூத்திரப்பை கெட்டவர்களுக்கு

பெயரை எழுதினால் என் தம்பியை யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் எழுதவில்லை. அவனுக்குப் பகல் இரவு பாராமல் அரைமணிக்கு ஒரு தடவை சிறுநீர் போக வேண்டும், அடிவயிற்றில் வலி, சில நாள் ரத்தமும் வந்தது. வீட்டில் உடம்புச்சூடு என்று இளநீரும் வெந்தயமும் கொடுத்தார்கள். வேறொரு டாக்டர், யூரின் கல்ச்சரில் கிருமியே வளரவில்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகும் மாற்றி மாற்றி ஆன்டிபயாட்டிக் எழுதினார்.

இந்த டாக்டர் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். "தம்பி, கீட்டமின் ஏதும் எடுக்குறீங்களா? திட்ட மாட்டேன், சொன்னாத்தான் வைத்தியம் பார்க்க முடியும்" என்று அவனிடம் கேட்டாராம். இந்த ஒரு கேள்விக்கே ஐந்து ஸ்டார் கொடுக்கலாம். பெங்களூரில் வேலை பார்த்தபோது பிடித்த பழக்கம், வலி வந்ததும் வலி தெரியாமலிருக்க இன்னும் கூட்டியிருக்கிறான். மயக்க மருந்துதானே, வலியை அமுக்கும். ஆனால் சிறுநீரில் இறங்கும்போது பையின் உள்சவ்வைப் புண்ணாக்குவதும் அதுதான்.

அப்புறம் வீட்டில் ஒரு வேலை கொடுத்தார்: மில்லி கோடு போட்ட பிளாஸ்டிக் ஜக்கில் ஒவ்வொரு தடவையும் அளந்து, நேரத்தோடு நோட்டில் எழுத வேண்டும். சாதாரணமாக 400 மில்லி வரை தாங்கும் பை, இவனுக்கு 60, 70 என்றே இருந்தது. ஸ்கேனில் பையின் சுவர் தடித்திருந்தது, நல்லவேளை சிறுநீரகம் வீங்கவில்லை. பித்தக்குழாயையும் இது கெடுக்குமாம், அதனால் கல்லீரலுக்கும் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள்.

மாத்திரை உண்டு, ட்யூப் வழியாகப் பைக்குள் மருந்து விடுவதும் உண்டு, ஆனால் பொடியை நிறுத்தாமல் எதுவும் கேட்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பை சுருங்கி இறுகிவிட்டால் குடலில் ஒரு துண்டை எடுத்துத் தைத்துப் பெரிதாக்கும் ஆபரேஷன் வரை போகுமாம். மனநல டாக்டருக்கு அவரே கடிதமும் கொடுத்தார். நிறுத்தின பிறகு ஜக்கில் 150 தொடுகிறது.

குறை என்றால், ஸ்கேனுக்கு எல்லோரிடமும் சொல்வது போல இவனிடமும் "தண்ணி குடிச்சுட்டு அடக்கி வைங்க" என்கிறார்கள். இருப்பதோ ஒரே கழிவறை. ரிசப்ஷனில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஃபீஸ் அதிகம்தான், முடியாதவர்கள் ராஜாஜி ஆஸ்பத்திரி யூராலஜிக்குப் போகலாம். பழக்கத்தை விட 14446 இலவச எண் இருக்கிறது. காய்ச்சலோடு விலாவில் வலித்தாலோ சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ எந்த அப்பாயின்ட்மென்டுக்கும் காத்திருக்காதீர்கள், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.