மண்ணு சுத்தம்னு காட்டுற ரிப்போர்ட்டை நம்பி பழைய பங்க் இடத்தை வாங்கிடாதீங்க

எழுதலாமா வேணாமான்னு ரொம்ப நாளா யோசிச்சுட்டு இருந்தேன், நேத்து தெரிஞ்சவர் ஒருத்தர் இதே மாதிரி ஒரு இடத்துக்கு அட்வான்ஸ் குடுக்கப் போறேன்னு சொன்னதும் மனசு கேக்கல.

நானும் ஃப்ரெண்டும் சேர்ந்து சின்னதா ஒரு தையல் யூனிட் போட இடம் தேடினோம். ரோட்டு மேலயே, வருஷக்கணக்கா பூட்டிக் கிடந்த இடம், அக்கம்பக்கத்து ரேட்டை விட நல்லாவே கம்மி. முன்னாடி பெட்ரோல் பங்க் இருந்ததை மறைக்கல. "டேங்கெல்லாம் அப்பவே எடுத்தாச்சு சார், மண்ணு டெஸ்ட்டே பண்ணிருக்கோம்"னு புரோக்கர் ஒரு ஃபைலை நீட்டுனார். லேப் சீல், கையெழுத்து, எல்லாத்துக்கும் நேரா லிமிட்டுக்குள்ள இருக்குன்னு போட்டிருந்துச்சு. கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துட்டு கையெழுத்து போட்டோம். பின் சுவர் ஓரமா ஒல்லியா ஒரு இரும்பு பைப் மேல நீட்டிட்டு நின்னுச்சு, அது என்னன்னு கேட்டதுக்கு பழைய பாத்ரூம் பைப்னாங்க. அது பூமிக்கடியில இருக்கிற டேங்குக்கு காத்து போற வென்ட் பைப்னு இப்ப தெரியுது.

பில்லர் குழி தோண்டும்போது மண்ணு கருப்பா மாறுச்சு, தலை சுத்துற அளவுக்கு வாடை, அப்புறம் பொக்லைன் பக்கெட் இரும்புல இடிச்சுச்சு. டேங்க் உள்ளயே தான் இருந்துச்சு, வேலையை அப்படியே நிறுத்திட்டோம்.

அப்புறமா நாங்களே காசு குடுத்து வேற ஒரு கன்சல்டன்ட்டை கூட்டிட்டு வந்தோம். அவர் பழைய ரிப்போர்ட்டை பத்து நிமிஷம் பார்த்துட்டு சொன்னது தான் நீங்க முக்கியமா தெரிஞ்சுக்க வேண்டியது. அந்த ரிப்போர்ட்ல இருந்த நம்பர் ஒண்ணுகூட பொய் இல்லையாம். ஆனா மண்ணை எடுத்தது மனையோட நாலு மூலையில, அதுவும் மேல ஒரு அடி ஆழத்துல. டேங்க் கசிஞ்சா எண்ணெய் டேங்குக்கு அடியிலயும் பைப் போன வழியிலயும் தானே இறங்கும், மூலையில மேல் மண்ணுல என்ன கிடைக்கும்? அந்த நாலு மண்ணையும் ஒரே வாளியில கலந்து ஒரு சாம்பிளா அனுப்பிருக்காங்க. பெட்ரோல்ல இருக்கிற பென்சீன்ங்கிற கெமிக்கல் காத்துல பறந்துடுற சரக்கு, கிளறினாலே பாதி போயிடும், அதுக்கு எடுத்த உடனே காத்து புகாத பாட்டில்ல மூடி ஐஸ்ல வச்சு அனுப்பணும். இதெல்லாத்தையும் விட கொடுமை, டெஸ்ட் லிஸ்ட்ல பென்சீனே இல்ல! பி.ஹெச்., இரும்பு, துத்தநாகம் இப்படி பார்த்திருக்காங்க. பெட்ரோல் பங்க் மண்ணுல பெட்ரோலை மட்டும் தேடாம விட்டிருக்காங்க. ரிப்போர்ட்டுக்கு காசு குடுத்தது யாருன்னு பார்த்தா, வித்தவங்க.

கான்கிரீட் போட்டு மூடிட்டா சரியாயிடுமேன்னு நாங்களும் நினைச்சோம். ஆகாது. மண்ணுல இருக்கிற ஆவி தரையில இருக்கிற வெடிப்பு, பைப் போற ஓட்டை வழியா ரூமுக்குள்ள ஏறும். பென்சீன் கேன்சர் வர வைக்கும்னு உறுதியான பொருள், குடிதண்ணியில லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. கதவைச் சாத்திட்டு எட்டு மணி நேரம் உக்காந்து தைக்கப் போற பொண்ணுங்களை அதுக்குள்ள எப்படிங்க உக்கார வைக்கிறது?

சண்டை போடலாம்னு பத்திரத்தை எடுத்தா, "உள்ளது உள்ளபடி பெற்றுக்கொள்கிறேன்"னு ஒரு வரி, சாதாரண வரின்னு நினைச்சிருந்தோம். அமெரிக்காவுல லவ் கேனால்னு ஒரு இடம், கெமிக்கல் கழிவை புதைச்ச நிலத்தை 1953ல ஒரே டாலருக்கு பள்ளி நிர்வாகத்துக்கு வித்தாங்க, இனிமே என்ன ஆனாலும் எங்களைக் கேக்கக் கூடாதுன்னு பத்திரத்துலயே எழுதி. அங்க பள்ளிக்கூடமும் வீடுகளும் வந்து, 1978ல அவசரநிலை அறிவிச்சு குடும்பங்களை வெளியேத்துற வரைக்கும் போச்சு. நம்ம இடம் சின்னது தான், ஆனா அந்த வரியோட வேலை அதே தான்.

இன்னொண்ணு, கெட்ட மண்ணை ராத்திரியோட ராத்திரியா லாரியில அள்ளிட்டுப் போயிடறேன்னு கம்மி ரேட்டுக்கு ஆள் வருவாங்க, எங்ககிட்டயும் ரெண்டு பேர் வந்தாங்க. எங்க கொட்டுனாங்கன்னு ரசீது இல்லன்னா நாளைக்கு அந்த இடத்துக்கும் நீங்க தான் பதில் சொல்லணும், வேற யாரோட கிணத்துலயோ விஷம் இறங்கும்.

பழைய பங்க் மட்டும் இல்ல, ட்ரை கிளீனிங், முலாம் பூசுற பட்டறை, தோல் பதனிடுற இடம், பேட்டரி பட்டறை இருந்த இடம் எதுவானாலும் முன்னாடி அங்க என்ன தொழில் நடந்துச்சுன்னு பக்கத்துல இருக்கிற வயசானவங்ககிட்ட கேளுங்க, உங்க கைக்காசுல உங்க ஆளை வச்சு அந்தத் தொழிலோட சரக்கையே தேடச் சொல்லுங்க, டேங்க் இருந்த இடத்துலயே ஆழமா துளை போடச் சொல்லுங்க, நிலத்தடி தண்ணியையும் சேர்த்து. டேங்க் எடுத்தாச்சுன்னா எடுத்ததுக்கு பேப்பர் எங்கன்னு கேளுங்க. முழுப் பணமும் குடுக்கிறதுக்கு முன்னாடி.

எங்க இடத்துல இப்ப கண்காணிப்புக் கிணறு போட்டிருக்கு, தண்ணி ரிசல்ட்டுக்கு காத்திட்டு இருக்கோம், தையல் மெஷின் எல்லாம் ஃப்ரெண்டு வீட்டு ஹால்ல தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கோம். யாராவது இடம் பார்த்துட்டு இருந்தா கேளுங்க, ரெண்டு ரிப்போர்ட்டையும் பேரை மறைச்சுட்டு அனுப்பறேன், பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.